எழுந்திருக்கக் கற்றுக்கொடுத்த அப்பா

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, வணக்கம்.

"பொதுத்தொண்டில் இறங்கிய குடும்பத் தலைவரால் வீட்டுக்கு வரவா, செலவா?" என்று தலைப்பு வைத்தீர்கள். இரண்டு அணிக்கும் ஒரே சாட்சி என்று சொல்லி, பிலிப்பீன்ஸின் ஹோசே டியோக்னோ குடும்பத்தைக் கொடுத்தீர்கள். எனக்கு முன்னால் பேசிய அம்மா செலவுக் கணக்கை முழுக்க எழுதி, கீழே கோடும் போட்டுவிட்டார். பத்துப் பிள்ளைகள், வீடு தேடி வந்த ராணுவம், இரண்டு வருடச் சிறை. "தனக்கு மிஞ்சித்தான் தானமும் தருமமும்" என்று பழமொழி வேறு. கைதட்டல் பலமாகத்தான் இருந்தது. நானும் தட்டினேன்.

அவர் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. குறைத்தே சொல்லிவிட்டார் என்பதுதான் என் குறை. 1972 செப்டம்பரில் அதிபர் மார்க்கோஸ் ராணுவச் சட்டம் கொண்டுவந்ததும் முதல் நாளிலேயே பிடிபட்டவர்களில் செனட்டர் டியோக்னோவும் ஒருவர். அடுத்த மார்ச்சில் அவரையும் இன்னொரு எதிர்ப்பாளரான செனட்டர் நினோய் அக்கினோவையும் கண்ணைக் கட்டி ஹெலிகாப்டரில் ஏற்றி, லாவுர் என்ற ஊரில் இருந்த ராணுவ முகாமுக்குக் கொண்டுபோய்த் தனித்தனி அறையில் அடைத்தார்கள். எங்கே வைத்திருக்கிறோம் என்று இரண்டு வீட்டுக்கும் சொல்லவில்லை. கணவர் உயிரோடு இருக்கிறாரா என்றே தெரியாமல் மனைவி கார்மன் அலைந்தார். கடைசியில் 1974 செப்டம்பர் 11 அன்று டியோக்னோவை விட்டார்கள். அது மார்க்கோஸின் பிறந்தநாள். இரண்டு வருடத்தில் ஒரு குற்றச்சாட்டுகூடப் பதிவாகவில்லை. இதையும் உங்கள் செலவுப் பக்கத்திலேயே சேர்த்துக்கொள்ளுங்கள் அம்மா, நான் தடுக்கவில்லை.

ஆனால் ஒன்று. இந்த மனிதருக்குக் கணக்குத் தெரியாது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். கணக்காளர் தேர்வில் நாட்டிலேயே முதலிடம் வாங்கியவர் அவர். அப்புறம் சட்டப் பட்டமே இல்லாமல், சிறப்பு அனுமதி பெற்று வழக்கறிஞர் தேர்வு எழுதி, அதிலும் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டவர். பெரிய கம்பெனிகளுக்கு வாதாடிக்கொண்டு மணிலாவில் சொகுசாக இருந்திருக்கலாம். அப்பேர்ப்பட்டவர் சிறையிலிருந்து வெளியே வந்த 1974-லேயே என்ன செய்தார்? கட்டணம் வாங்காமல் வாதாடும் வழக்கறிஞர் அமைப்பு ஒன்றைத் தொடங்கினார். இலவச சட்ட உதவிக் குழு என்று பெயர், சுருக்கமாக ஃபிளாக். கைதானவர்கள், காணாமல் போனவர்களின் குடும்பத்தார், நிலம் பறிபோனவர்கள் எல்லாம் அங்கே வந்தார்கள். மக்கள் அவரை 'கா பெப்பே' என்று கூப்பிட்டார்கள். பெப்பே என்பது ஹோசேக்குச் செல்லப் பெயர், 'கா' தோழமையும் மரியாதையும் கலந்த அடைமொழி. சிரிக்காதீர்கள்! நம் ஊர்ப் பொருளிலும் பெயர் பொருந்தத்தான் செய்கிறது. அதிகாரத்துக்குக் கடைசிவரை பெப்பே காட்டியவர்தான் அவர்.

எப்படி என்கிறீர்களா? அவர் நாற்காலிகளைப் பாருங்கள். 1962-ல் நீதித்துறை அமைச்சர். ஹாரி ஸ்டோன்ஹில் என்ற அமெரிக்கத் தொழிலதிபரின் இடங்களில் சோதனை நடத்தினார். சில மாதத்தில் ஸ்டோன்ஹில்லை நாடு கடத்தினார்கள், டியோக்னோவின் பதவியும் போயிற்று. (அதில் வீடுகளைச் சோதித்ததற்கான ஆணைகள் செல்லாது என்று 1967-ல் உச்ச நீதிமன்றமே சொன்னது. எதிரணி எடுத்துக்கொடுப்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.) 1971-ல், கைதானவரை நீதிமன்றத்தில் நிறுத்தச் சொல்லிக் கேட்கும் ஆட்கொணர்வு உரிமையை மார்க்கோஸ் நிறுத்திவைத்தபோது, தன் சொந்தக் கட்சியை விட்டு வெளியேறினார். 1986-ல் மார்க்கோஸ் ஆட்சி போன பிறகு, நினோயின் மனைவியும் புதிய அதிபருமான கொராசோன் அக்கினோ அவரை மனித உரிமைக் குழுவின் தலைவராக்கினார். நண்பரின் மனைவி தலைமையிலான ஆட்சி, கௌரவமான பதவி, புற்றுநோயோடு போராடும் உடம்பு. பேசாமல் உட்கார்ந்திருக்க இதைவிட நல்ல காரணம் கிடைக்குமா?

1987 ஜனவரி 22. நிலச் சீர்திருத்தம் கேட்டு மெண்டியோலா பாலத்தருகே ஊர்வலம் போன விவசாயிகள் மீது துப்பாக்கிச் சூடு. பத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். டியோக்னோ ராஜினாமா செய்தார். அடுத்த மாதம் 26-ஆம் தேதி அவருக்கு 65 வயது நிறைந்தது. 27-ஆம் தேதி இறந்துபோனார்.

சரி, வீட்டுக்கு என்ன வந்தது? அம்மா நறுக்கென்று கேட்டார். "வாரிசு அரசியல்தானே வந்தது" என்றும் சொன்னார். பிலிப்பீன்ஸில் அது பெரிய நோய்தான், மறுக்கவில்லை. 1987 அரசமைப்பு அதைத் தடைசெய்யச் சொல்லி, விளக்கத்தைச் சட்டத்துக்கு விட்டது. பல பத்தாண்டுகள் போயும் அந்தச் சட்டம் வரவில்லை. தடைசெய்ய வேண்டியவர்களே வாரிசுகள் என்றால் எங்கே வரும்? டியோக்னோவின் அப்பா ரமோனும் செனட்டராக இருந்தவர்தான், தாத்தா அனனியாஸ் புரட்சிப் படைத் தளபதி. ஆனால் மகன் செல் டியோக்னோ 2019-லும் 2022-லும் செனட்டுக்கு நின்று இரண்டு முறையும் தோற்றார். அப்பா பெயர் பரம்பரைப் பட்டாவாக இருந்தால் தோற்பாரா? 2025-ல் கட்சிப் பட்டியல் வழியாகத்தான், அதாவது மக்கள் கட்சிக்குப் போட்ட ஓட்டில்தான், கீழவைக்குப் போனார். அதற்கு வெகு முன்பே அப்பா தொடங்கிய ஃபிளாக்கைத் தலைமையேற்று நடத்திக்கொண்டிருந்தார். போதைப்பொருள் ஒழிப்பு என்ற பெயரில் ஏழைகள் தெருவில் கொல்லப்பட்டபோது, 2017-ல் அந்தக் குடும்பங்களுக்காக உச்ச நீதிமன்றம் போனது அதே அமைப்புதான்.

மகள் மரிஸ் வரலாற்றுப் பேராசிரியர், தேசிய வரலாற்று ஆணையத்தின் தலைவராக இருந்தவர். மார்க்கோஸை மாவீரர் கல்லறையில் புதைக்கக் கூடாது என்று ஆதாரத்தோடு அந்த ஆணையம் அறிக்கை கொடுத்தது. உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. 2016 நவம்பர் 18 அன்று உடலைப் புதைத்தார்கள். அந்த மாதம் முடிவதற்குள் மரிஸ் ராஜினாமா செய்துவிட்டார். அப்பா மெண்டியோலாவுக்காக எழுந்து 29 வருடம் கழித்து, மகள் எழுந்தார்.

பிள்ளையை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுக் கண்ணை மூடிய அப்பாக்களை எல்லா நாட்டிலும் பார்க்கிறோம். எழுந்திருக்கச் சொல்லிக்கொடுத்தவர் எத்தனை பேர் அம்மா? அந்த வரவை எந்தப் பத்தியில் எழுதப்போகிறீர்கள்?

மணி அடித்துவிட்டார்கள். நாற்காலியைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு, மைக்கை விடாமல் நின்றால் நன்றாக இருக்காது. போய் உட்காருகிறேன், நடுவர் அவர்களே.