பெயரில்லாமல் வந்த ரோம்

நடுவர் அவர்களே, எங்கள் அணித் தலைவி அக்கா அவர்களே, கிருஷ்ணகிரி பழையபேட்டையிலிருந்தும், ஷிப்ட் முடிந்த கையோடு ஓசூரிலிருந்தும் வந்திருக்கிற பெரியோர்களே, வணக்கம்.

"விண்வெளித் தொடரைத் தாங்கி நிற்பது கேப்டனா, கண்டுகொள்ளப்படாத துணைப் பாத்திரங்களா?" இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி, 'டீப் ஸ்பேஸ் நைன்' தொடரின் கேப்டன் சிஸ்கோவைப் பற்றி அருமையாகப் பேசினார். சிஸ்கோ பெரிய மனிதர்தான். ஆனால் போகிற போக்கில், "ரோம் எல்லாம் சிரிப்புக்காகச் சேர்த்த ஆள்" என்றார் பாருங்கள், அதை என்னால் விட முடியாது.

'ஸ்டார் ட்ரெக்: டீப் ஸ்பேஸ் நைன்' தொடரில், விண்வெளி நிலையத்தில் பார் நடத்துகிறவர் குவார்க். அவருடைய தம்பி ரோம், அண்ணன் கடையிலேயே சப்ளையர். 1993-இல் முதல் அத்தியாயம் வந்தபோது இந்தப் பாத்திரத்துக்குப் பெயர்கூடக் கிடையாது. சூதாட்ட மேசையைப் பார்த்துக்கொள்கிற ஒரு ஃபெரங்கி (லாபமே குறியாக வாழும் வேற்றுக்கிரக இனம்), அவ்வளவுதான்.

1996-இல் ஓர் அத்தியாயம். ரோமுக்குக் காதில் தொற்று. முற்றிப்போன பிறகுதான் டாக்டரிடம் போகிறார். காரணம், உடம்பு சரியில்லை என்று லீவு போட அந்தக் கடையில் வழியில்லை. நம் பெங்களூரு ரோட்டு ஓட்டல்களில் காய்ச்சலோடு மேசை துடைக்கிற தம்பிகளைப் பார்த்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. "சங்கம் வையேன்" என்கிறார் டாக்டர். ஃபெரங்கி சட்டப்படி சங்கம் குற்றம். அதோடு, சுரண்டலை நிறுத்த ஃபெரங்கி தொழிலாளி ஆசைப்படுவதில்லை, தானும் ஒரு நாள் சுரண்டுகிறவனாக வேண்டும் என்றுதான் ஆசைப்படுகிறான் என்று ரோமே சொல்கிறார். அப்படிப்பட்ட கூட்டத்தில் பிறந்தவர்தான் சங்கம் தொடங்கி, வேலைநிறுத்தம் நடத்தி, கடைசியில் எல்லாக் கோரிக்கையையும் அண்ணனை ஒத்துக்கொள்ள வைக்கிறார். அப்புறம் என்ன செய்தார் தெரியுமா? ஜெயித்த கையோடு அந்த வேலையை விட்டுவிட்டு, நிலையத்தில் ரிப்பேர் டெக்னீஷியனாகக் கடைநிலையில் சேர்ந்தார். எனக்கு அந்தத் தொடரிலேயே ரொம்பப் பிடித்த இடம் அதுதான்.

நிலையத்தின் பழுதுபார்ப்புப் பொறுப்பாளர் ஓ'பிரையனையும் சொல்லியாக வேண்டும். 1987-இல், இதற்கு முந்தைய தொடரின் முதல் அத்தியாயத்தில், அவரும் பெயரில்லாமல் வந்தவர்தான். பெரிய அதிகாரிகளுக்கு நடுவே, கையில் கருவியோடு நிற்கிற சீஃப். நம் சிப்காட்டில் மெஷின் நின்றால் முதலில் கூப்பிடுகிற ஆள் இருக்கிறாரே, அவரேதான்.

சரி, போருக்கு வருகிறேன். 1997. டொமினியன் என்கிற எதிரிப் பேரரசின் படை, நிலையத்துக்குப் பக்கத்தில் வந்து திறக்கும் விண்வெளிக் குறுக்குவழியான புழுத்துளை வழியாக வந்துகொண்டே இருக்கிறது. அதை அடைக்க வழி தெரியாமல் அறிவியல் அதிகாரி டாக்ஸும் ஓ'பிரையனும் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். பக்கத்தில் ரோம் தன் கல்யாணக் கவலையைப் புலம்பிக்கொண்டிருக்கிறார். அந்தப் புலம்பலுக்கு நடுவிலேயே, தன்னைத்தானே பெருக்கிக்கொள்ளும் கண்ணிவெடி என்று விடையும் வந்து விழுகிறது! பிறகு நிலையம் எதிரி கைக்குப் போகிறது. ரோம் உளவாளியாக அங்கேயே தங்கி, எதிரி அந்தக் கண்ணிவெடிகளை அழிக்காமல் தடுக்கப் போய் மாட்டிக்கொண்டு, மரண தண்டனைக் கைதியாகிறார். காப்பாற்றத் துடிக்கிற அண்ணனிடம், "என்னை விடு, நான் ஆரம்பித்த வேலையை நீ முடி" என்கிறார். இதையா ஐயா சிரிப்புக்காகச் சேர்த்த ஆள் என்பது?

"கடைசியில் ஒற்றைக் கப்பலோடு புழுத்துளைக்குள் புகுந்து படையைத் தடுத்தது சிஸ்கோதானே?" என்று எதிரணி கேட்கும். கேட்கட்டும். அந்த நேரத்தில், சிறையிலிருந்து மீண்ட ரோம், சிஸ்கோவின் துணை அதிகாரி மேஜர் கிராவோடு சேர்ந்து நிலையத்தின் ஆயுதங்களுக்குப் போகிற மின்சாரத்தைத் துண்டிக்கப் போராடிக்கொண்டிருக்கிறார். கண்ணிவெடிகளைக் காப்பாற்ற முடியவில்லை, நொடிப்பொழுது பிந்திவிட்டது. ஆனால் மின்சாரம் போனது போனதுதான். சிஸ்கோவின் கப்பல் கண்ணெதிரே போகிறது, நிலையத்தைப் பிடித்துவைத்திருந்த எதிரித் தளபதி டுகாட்டால் சுட முடியவில்லை. அந்த மின்சாரம் மட்டும் போகாமல் இருந்திருந்தால் சிஸ்கோ புழுத்துளைக்குப் போய்ச் சேர்ந்திருப்பாரா? எதிரணித் தலைவர் பேச வரும்போது முதலில் இதற்குப் பதில் சொல்லட்டும், நடுவர் அவர்களே.