கையைத் தூக்கியவனும் வீரன்தான்

நடுவர் ஐயா அவர்களே, எதிரணி நண்பர்களே, இந்த நேரத்திலும் பாயை மடக்கிக்கொண்டு கிளம்பாமல் உட்கார்ந்திருக்கும் ஊர்ப் பெரியவர்களே, தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

படைவீரனுக்குப் பெருமை கடைசிவரை போரிட்டு மடிவதா, நிலைமை அறிந்து சரணடைந்து உயிரோடு மீள்வதா என்பது தலைப்பு. மீள்வதே என்ற அணிக்காக நிற்கிறேன். எதிரணியில் பேராசிரியர் அம்மா கணைக்கால் இரும்பொறையைக் கொண்டுவந்து நிறுத்தினார். அடுத்து வந்த தம்பி ரெசாங் லாவைச் சொன்னார். கடைசியாகப் பேசிய அண்ணன், "பிடிபட்டவன் வாயைத் திறந்துவிடுவான், நாட்டின் ரகசியம் போய்விடும்" என்றார்.

முதலில் ரெசாங் லா. தம்பி பேசி முடித்தபோது நானும் கை தட்டினேன். 1962 நவம்பர் 18 அன்று, லடாக் குளிரில், மேஜர் சைத்தான் சிங்கும் 13 குமாவுன் படைப்பிரிவின் வீரர்களும் நின்ற நிலையை நினைத்தால் இன்றைக்கும் தொண்டை அடைக்கிறது. சுமார் 120 பேரில் 114 பேர் மடிந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் சுஷுல் விமானத் தளம் இருந்தது. அவர்கள் நின்ற ஒவ்வொரு நிமிடத்துக்கும் பயன் இருந்தது. கையில் தோட்டா இருக்கும்போது, காப்பாற்ற ஓர் இடம் பின்னால் இருக்கும்போது கையைத் தூக்கு என்று எங்கள் அணி சொல்லவே இல்லை, ஐயா. ஆனால் அதே போரில், ஒரு மாதம் முன்னால், கிழக்கே நம்கா சூ ஆற்றங்கரையில் என்ன நடந்தது? பருத்தி உடையோடு, போதிய தோட்டாவும் இல்லாமல் ஒரு முழுப் பிரிகேடைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அதன் தளபதி பிரிகேடியர் தால்வி அக்டோபர் 22 அன்று சீனர்களிடம் பிடிபட்டார். அந்தப் போரில் கைதியான நம் வீரர்கள் ஏறத்தாழ 3,900 பேர். பெரும்பாலோர் மறு ஆண்டு திரும்பி வந்தார்கள். அவர்களைக் கோழைகள் என்று சொல்ல தம்பிக்கு மனம் வருமா? குளிருக்கு ஒரு கம்பளிச் சட்டை கொடுக்காதவர்களை விட்டுவிட்டு, அந்தக் குளிரில் நின்றவனிடம் போய் "ஏன் சாகவில்லை" என்று கேட்பது நியாயமா?

சரி, பேராசிரியர் அம்மாவின் சேரனுக்கு வருகிறேன். சோழன் செங்கணானிடம் பிடிபட்டுக் குடவாயில் கோட்டத்துச் சிறையில் இருந்த கணைக்கால் இரும்பொறை தண்ணீர் கேட்டான். காவலர்கள் இழுத்தடித்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அதைக் குடிக்காமல், புறநானூற்றின் எழுபத்து நான்காம் பாட்டைச் சொல்லிவிட்டு உயிரை விட்டான். உண்மைதான். ஆனால் அந்தப் பாட்டில் அவனுக்கு வலித்தது எது? சங்கிலியில் கட்டிய நாயைப் போல இருத்தி, வயிற்றுத் தீக்காக இரந்து வாங்க வைத்தார்களே, அதுதான். அங்கே குற்றம் தண்ணீர் கேட்டவனுடையதா, தாமதித்தவனுடையதா? இன்னொன்றையும் அம்மா சொல்லியிருக்கலாம். அந்தச் சேரனைச் சிறையிலிருந்து மீட்கத்தான் பொய்கையார் செங்கணான்மேல் களவழி நாற்பது பாடினார் என்பது மரபு. "பிடிபட்டவன் இருந்தென்ன, செத்தென்ன" என்று அந்தப் புலவர் வீட்டில் உட்காரவில்லை. எதிரியின் வாசலுக்கே போய்ப் பாடினார். தோற்று ஓடுகிறவன்மேல் வாளை ஓங்காத பெருமைக்குத் தழிஞ்சி என்று துறையே வகுத்து வைத்த தமிழ், நம் தமிழ்.

இப்போது சரணடையாதே என்று சட்டம் போட்டவர்கள் கதையைப் பார்ப்போம். 1941 ஜனவரியில் ஜப்பானிய ராணுவம் தன் வீரர்களுக்கு ஒரு நடத்தை நெறியை வெளியிட்டது. உயிரோடு கைதியாகும் அவமானத்தை ஏற்காதே என்றது அது. அந்த ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் முத்துத் துறைமுகத் (பேர்ல் ஹார்பர்) தாக்குதலுக்கு ஐந்து குட்டி நீர்மூழ்கிகள் போயின. ஒவ்வொன்றிலும் இரண்டு பேர், மொத்தம் பத்துப் பேர். கஸுவோ சகாமாகி என்ற இளைஞர் போன படகில் திசைகாட்டி பழுது. பாறையில் மோதித் தரைதட்டி, கூட வந்தவர் இறந்து, இவர் நினைவில்லாமல் கரையில் ஒதுங்கிப் பிடிபட்டார். ஜப்பானில் மற்ற ஒன்பது பேரையும் போர்த் தெய்வங்கள் என்று கொண்டாடினார்கள். பத்தாவது ஆளைப் பற்றி ஒரு சொல் இல்லை. போனவர்கள் ஒன்பது பேர்தான் என்பதுபோல ஆக்கிவிட்டார்கள். என்னைக் கொன்றுவிடுங்கள் என்று அமெரிக்கர்களிடம் கெஞ்சியவர் அவர். கொல்லவில்லை. போர் முடிந்து ஊர் திரும்பினால், இன்னுமா உயிரோடு இருக்கிறாய் என்று கடிதங்கள் வந்தன. அத்தனையையும் தாங்கிக்கொண்டு டொயோட்டாவில் வேலைக்குச் சேர்ந்து, பிரேசிலில் அந்த நிறுவனத்தின் தலைவராகவே உயர்ந்தார். 1999 வரை வாழ்ந்தார். பழுதான திசைகாட்டியோடு அவரைக் கடலில் இறக்கிவிட்டவர்களுக்கு யாராவது அப்படிக் கடிதம் எழுதினார்களா, ஐயா?

ஸ்டாலின்கிராடிலும் இதே கதைதான். 1943 ஜனவரி 8 அன்று, சுற்றி வளைக்கப்பட்டிருந்த ஜெர்மன் படையைச் சோவியத் தரப்பு சரணடைய அழைத்தது. ஹிட்லர் கூடாது என்றார். படை பட்டினி கிடந்தது, குளிரில் விறைத்தது, காய்ச்சலில் விழுந்தது. ஜனவரி 30 அன்று தளபதி பவுலஸுக்கு ஃபீல்டு மார்ஷல் பட்டம் கொடுத்தார் ஹிட்லர். அதுவரை எந்த ஜெர்மன் ஃபீல்டு மார்ஷலும் சரணடைந்ததில்லை. தற்கொலை செய்துகொள் என்பதுதான் அந்தப் பட்டத்துக்கு அர்த்தம். மறுநாள் பவுலஸ் சரணடைந்தார். கைதியானவர்கள் சுமார் 91,000 பேர். ஊர் திரும்பியவர்கள் ஐயாயிரம் ஆறாயிரம் பேர்தான். சிறையின் கொடுமையும் அதற்குக் காரணம், மறுக்கவில்லை. ஆனால் பாதிப் பிணமான பிறகல்லவா அவர்களைக் கையைத் தூக்க விட்டார்கள்?

அடுத்தது சிங்கப்பூர். நம் சனங்களுக்கும் இதில் பங்கு உண்டு என்பதால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

1942 பிப்ரவரி. ஊருக்குள் ஏறத்தாழ பத்து லட்சம் மக்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கிறார்கள். குண்டுவீச்சில் தண்ணீர்க் குழாய்கள் உடைந்துவிட்டன. தளபதிகள் படையோடு சேர்ந்து மடிய வேண்டும் என்று லண்டனிலிருந்து பிப்ரவரி 10 அன்று சர்ச்சில் தந்தி அடிக்கிறார். நான்கு நாள் கழித்து அவரே மனம் மாறி, இனிப் பயனில்லை என்ற கட்டத்தை அங்கிருப்பவர்களே முடிவு செய்யட்டும் என்கிறார். 15ஆம் தேதி, புக்கிட் தீமா ஃபோர்டு தொழிற்சாலையில் பிரிட்டிஷ் தளபதி ஜெனரல் பெர்சிவல் ஜப்பானியரிடம் சரணடைந்து கையெழுத்துப் போட்டார். போடாமல் இருந்திருந்தால், தண்ணீர் இல்லாத ஊரில் தெருத்தெருவாகச் சண்டை நடந்திருக்கும். செத்திருப்பது சிப்பாய் மட்டுமா?

இரண்டு நாள் கழித்து ஃபேரர் பூங்காவில் பல்லாயிரம் இந்தியச் சிப்பாய்களை ஜப்பானியரிடம் ஒப்படைத்தார்கள். அந்தக் கூட்டத்திலிருந்துதான் இந்திய தேசிய ராணுவம் பிறந்தது. கடைசி ஆள்வரை அவர்கள் மடிந்திருந்தால் நேதாஜி வந்து தலைமை ஏற்க எந்தப் படை இருந்திருக்கும்? எதிரணி அண்ணன் வாரம் ஒரு மேடையில் நேதாஜியைப் பேசுபவர். இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

"சரணடைந்தும் சயாம் மரண ரயிலில் செத்தார்களே" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. சயாமுக்கும் பர்மாவுக்கும் நடுவே கைதிகளை வைத்து ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் பாதை அது, 1943 அக்டோபரில் முடிந்தது. அதில் வேலை செய்த போர்க்கைதிகள் சுமார் 60,000 பேர், இறந்தவர்கள் 12,000க்கு மேல். கொடூரம்தான். ஆனால் ஐந்தில் நான்கு பேர் திரும்பினார்கள். எப்படி?

அதிர்ஷ்டத்தால் அல்ல. அந்தக் காட்டில் மூங்கில் சிராய்த்த சின்னக் கீறல் நாலு நாளில் புண்ணாகி, எலும்பு தெரியும்வரை அழுகும். மருந்து கிடையாது. முகாம் மருத்துவர்கள் சோற்றுக் கரண்டியின் விளிம்பைத் தீட்டி, அந்த அழுகலைச் சுரண்டி எடுத்தார்கள். மயக்க மருந்தும் இல்லாததால், நாலு பேர் பிடித்துக்கொள்ள, ஐந்தாவது ஆள் தோழனின் கையை இறுகப் பற்றிக்கொள்வான். காலராவுக்கு அவர்களிடம் இருந்தது கொதிக்கும் தண்ணீர்தான். சாப்பாட்டுத் தட்டைக் கொதிநீரில் முக்கி எடுக்காமல் யாரும் சோறு வாங்கக் கூடாது, கொதிக்காத ஆற்றுத் தண்ணீர் ஒரு வாய்கூடக் கூடாது. இதை அதிகாரி நின்று பார்ப்பார். டன்லப் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர் தன் முகாமில் அதிகாரிகளுக்குக் கிடைத்த சொற்பச் சம்பளத்தில் ஒரு பங்கைப் பிடித்து, நோயாளிகளுக்கு வாத்து முட்டை வாங்கிக் கொடுத்தார். ஒரு வாத்து முட்டை! அன்று அதுதான் உயிர். பசியில் இருக்கிறவன் தன் காசில் அடுத்தவனுக்கு முட்டை வாங்கித் தருவதைவிடப் பெரிய வீரத்தை எனக்குக் காட்டுங்கள்.

இப்போது நம் சனங்களைப் பார்க்க வேண்டும். மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து அதே பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்ட தமிழர்கள் பல்லாயிரம். அதே காடு, அதே காலரா. ஆனால் அவர்களுக்கு மருத்துவ அதிகாரி இல்லை, கக்கூஸ் குழி எங்கே வெட்டுவது என்று சொல்ல ஆள் இல்லை, யார் வந்தார் யார் போனார் என்று எழுதிவைக்கக் கணக்கும் இல்லை. கைதிகளைவிட மிக அதிகமான விகிதத்தில் செத்தார்கள். சரியான எண்ணிக்கைகூட யாருக்கும் தெரியாது. படை படையாகவே சரணடைந்ததால் சிப்பாய்க்கு ஒரு ஒழுங்கு மிஞ்சியது, ஐயா. அந்த ஒழுங்குதான் அவனைக் காப்பாற்றியது. அது வாய்க்காத எத்தனையோ பேர் பெயரில்லாமல் அந்தத் தண்டவாளத்தின் கீழே கிடக்கிறார்கள்.

இனி, அண்ணன் சொன்ன ரகசியம். வியட்நாம் போரில் பிடிபட்ட அமெரிக்க விமானிகளை ஹனோய் சிறையில் ஆண்டுக்கணக்கில் தனித்தனி அறையில் அடைத்தார்கள். பேசினால் அடி. சுவரைத் தட்டிப் பேசினார்கள். ஆங்கில எழுத்துகளை ஐந்து வரிசையாக, வரிசைக்கு ஐந்தாகப் பிரித்துக்கொண்டார்கள். 'கே' எழுத்துக்கு இடமில்லை, அதற்குப் பதில் 'சி'. முதல் தட்டு எந்த வரிசை, அடுத்த தட்டு அதில் எத்தனையாவது எழுத்து. இந்த மேசையிலேயே தட்டிக் காட்டுகிறேன், ஒலிபெருக்கியைக் கொஞ்சம் இப்படி வையுங்கள். இரண்டு, இரண்டு. ஒன்று, இரண்டு. நான்கு, ஐந்து. ஜி, பி, யு. கடவுள் உன்னைக் காப்பாராக என்பதன் சுருக்கம். இரவில் சுவருக்குச் சுவர் இந்தச் சத்தம் போகும். சித்திரவதை அறையிலிருந்து ஒருவனைக் கொண்டுவந்து போட்டால், முதலில் அவன் சுவரைத்தான் தட்டுவார்கள். ஏதாவது சொல்லிவிட்டேன் என்று அவன் அழுது தட்டினால், பரவாயில்லை, எங்களுக்கும் அப்படித்தான் ஆயிற்று, நாளை மறுபடி தாங்குவோம் என்று பதில் தட்டு வரும். உடைந்த மனிதனை மறுபடி நிமிர வைத்தது அந்தத் தட்டு. 1955இல் வந்த அமெரிக்கப் படைவீரர் நெறியைத் தம்பி வாசித்தார்: "என் விருப்பத்தால் ஒருபோதும் சரணடைய மாட்டேன்." அதிலேயே அடுத்த பிரிவையும் வாசித்திருக்கலாம். பிடிபட்டால் தொடர்ந்து எப்படி எதிர்த்து நிற்பது என்று சொல்கிறது அது. கைதானதோடு வீரன் முடிந்துவிட்டான் என்றால் அந்தப் பிரிவு எதற்கு?

ஹனோய்வரை ஏன் போக வேண்டும்? 2019 பிப்ரவரி 27. நம் தமிழ்ப் பிள்ளை அபிநந்தன், முகமெல்லாம் காயத்தோடு பாகிஸ்தான் ராணுவத்திடம் நிற்கிறார். எந்த விமானம், என்ன பணி என்று கேட்கிறார்கள். மன்னிக்கவும், அதை நான் சொல்லக் கூடாது என்கிறார். அவ்வளவுதான். மூன்றாவது ஜெனீவா ஒப்பந்தப்படி பெயர், பதவி, பிறந்த தேதி, வரிசை எண் தவிர ஒரு கைதி எதையும் சொல்ல வேண்டியதில்லை. மார்ச் 1 அன்று வாகா வாசலில் அவர் நடந்து வந்தபோது இந்த ஊரே டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது. அன்றைக்கு இவர் ஏன் சாகவில்லை என்று இங்கே யாராவது கேட்டோமா?

1971 டிசம்பர் 16 அன்று டாக்காவில் பாகிஸ்தான் தளபதி நியாஸி கையெழுத்திட்டு 93,000 பேர் நம்மிடம் சரணடைந்தார்கள். அந்த நாளைத்தான் ஆண்டுதோறும் வெற்றி நாளாகக் கொண்டாடுகிறோம். எதிரி சரணடைந்தால் நமக்குத் திருவிழா, நம் பிள்ளை சரணடைந்தால் அவமானமா?

மணி அடித்துவிட்டார்கள். ஒரே ஒரு மனிதரைச் சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறேன். பில் கிரிஃபித்ஸ், பிரிட்டிஷ் வீரர். 1942இல் ஜாவாவில் பிடிபட்டார். மறைத்து வைத்திருந்த வெடிபொருளை அகற்றச் சொல்லி ஜப்பானியர் அனுப்ப, அது வெடித்தது. இரண்டு கண்ணும் போயிற்று, இரண்டு கையும் போயிற்று. நான் முன்னே சொன்ன அந்த டன்லப்தான் அறுவை செய்து பிழைக்க வைத்தார். பிறகு ஒருநாள் முகாம் மருத்துவமனைக்கு வந்த ஜப்பானிய அதிகாரி, இப்படிப்பட்டவன் எதற்கு என்று துப்பாக்கி முனைக் கத்தியால் குத்தச் சொன்னான். டன்லப் அந்தக் கத்திக்கும் கட்டிலுக்கும் நடுவில் போய் நின்றார். முதலில் என்னைக் குத்து என்று நின்றார். கத்தி இறங்கவில்லை. கிரிஃபித்ஸ் போர் முடிந்து ஊர் திரும்பினார், முதுமைவரை வாழ்ந்தார்.

அந்தக் கட்டில் பக்கத்தில் போய், "நீ அன்றைக்கே களத்தில் செத்திருக்க வேண்டும்" என்று சொல்ல எதிரணியில் யாருக்கு மனம் வருகிறதோ, அவர்கள் எழுந்து சொல்லட்டும், நடுவர் ஐயா. நான் காத்திருக்கிறேன். நன்றி, வணக்கம்.