சுளுக்கா, முறிவா?

நேயர்களுக்கு வணக்கம். கணுக்கால் பிசகி வருகிறவர்கள் என்னிடம் அடிக்கடி சொல்வது இது: "விரலை அசைக்க முடியுது டாக்டர், எலும்பு உடைஞ்சிருக்காது." தயவுசெய்து இதை நம்பாதீர்கள். விரல்களை ஆட்டும் முக்கியமான தசைகள் முழங்காலுக்குக் கீழே, கெண்டைக்கால் பக்கம் இருக்கின்றன. கணுக்காலில் எலும்பு முறிந்திருந்தாலும் விரல் அசையும். வீக்கமும் அப்படித்தான். ஜவ்வு கிழிந்தால் முட்டை அளவுக்குப் புடைத்து நீலம் பாரிக்கும். சின்ன முறிவு லேசான வீக்கத்தோடு ஒளிந்திருக்கும்.

அப்படியென்றால் எதை வைத்துப் பார்ப்பது? கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992-இல் ஒரு முறையை வெளியிட்டார்கள். எக்ஸ்ரே தேவையா என்று முடிவு செய்ய இன்று பல நாட்டு அவசரப் பிரிவுகளில் அதைத்தான் பின்பற்றுகிறார்கள். அதற்குக் கருவி வேண்டாம், ஒரு விரல் போதும்.

உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தால் உங்கள் கணுக்காலைத் தொட்டுப் பாருங்கள். இரண்டு பக்கமும் எலும்பு முண்டு தட்டுப்படும். அதன் நுனியிலும், பின் ஓரமாக மேலே 6 சென்டிமீட்டர் வரையிலும் அழுத்த வேண்டும். அடிபட்ட காலில் அந்த எலும்பின் மேலேயே வலித்தால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். பாதத்திலும் இரண்டு இடம் உண்டு. சுண்டுவிரலிலிருந்து வெளி ஓரமாகப் பின்னால் தடவினால் நடுவில் வரும் மேடு ஒன்று. உள்பக்க முண்டுக்கு முன்னால், பாதத்தின் வளைவுக்கு மேலே துருத்தும் எலும்பு இன்னொன்று. அடிபட்ட உடனேயும், மருத்துவர் பார்க்கும்போதும் நான்கு அடி எடுத்து வைக்க முடியாவிட்டாலும் எக்ஸ்ரே தேவை. நொண்டி நடந்தாலும் நடந்ததாகவே கணக்கு.

சாதாரணச் சுளுக்கில் பாதம் உள்பக்கம் மடங்கி, வெளிப்பக்க ஜவ்வு இழுபடும். அதனால் வெளி முண்டுக்குச் சற்று முன்னால், மெத்தென்ற பள்ளத்தில்தான் வலி அதிகம்.

சர்க்கரை நோயால் பாதம் மரத்துப் போனவர்கள் இந்தச் சோதனையை நம்பக் கூடாது; அவர்களுக்கு முறிவுகூட வலிக்காமல் போகலாம். வளரும் பிள்ளைகளுக்கு எலும்பின் வளர்ச்சிப் பகுதி ஜவ்வைவிட பலவீனமானது, ஆகவே வெறும் சுளுக்கு என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். கால் கோணியிருந்தால், முறிவின் மேல் தோல் கிழிந்திருந்தால், விரல்கள் சில்லிட்டு வெளுத்திருந்தால் எந்தச் சோதனையும் வேண்டாம். காலை அசையாமல் தாங்கிப் பிடித்து உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

சரி, சுளுக்குத்தான் என்று உறுதியாகிவிட்டது. முதல் இரண்டு மூன்று நாள் க்ரேப் பேண்டேஜ் சுற்றி, படுக்கும்போது காலைத் தலையணை மேல் உயர்த்தி வையுங்கள். வலி குறைய, துணியில் சுற்றிய ஐஸை 15 நிமிடம் வைக்கலாம். வெந்நீர் ஒத்தடம் வேண்டாம். அழுத்தி உருவி விடவே வேண்டாம். ஏற்கெனவே கிழிந்த ஜவ்வு அது, அடியில் முறிவு இருந்தால் எலும்பும் விலகிப் போகும்.

அப்புறம், வாரக்கணக்கில் படுத்துக் கிடக்காதீர்கள். வலி பொறுக்கும் அளவுக்குக் காலை ஊன்றி நடக்கத் தொடங்குவதுதான் ஜவ்வு நன்றாக ஆற உதவும். உட்கார்ந்தபடி கட்டைவிரலால் காற்றில் அ, ஆ எழுதிப் பாருங்கள். மூட்டு எல்லாப் பக்கமும் திரும்பும்.

வலி போனதும் பெரும்பாலோர் எல்லாவற்றையும் விட்டுவிடுகிறார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான். பாதம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று மூளைக்குச் சொல்லும் நரம்பு நுனிகள் ஜவ்வுக்குள் இருக்கின்றன. அவை பழுதானால் அதே கால் மறுபடி மறுபடி மடங்கும். சுவரோரம் நின்று, அந்த ஒற்றைக் காலில் 30 விநாடி சமாளியுங்கள். பல் துலக்கும் நேரம் அதற்குத் தோதானது. சில வாரங்கள் விடாமல் செய்யுங்கள். அதன் பிறகும் கால் நழுவினாலோ, ஒரு வாரமாகியும் ஊன்ற முடியாவிட்டாலோ மறுபடி வந்து காட்டுங்கள்.