சட்டத்துக்குள் ஒரு மருந்தாளர்

(வெள்ளவத்தையில் ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரை, எழுத்து வடிவில்)

மதிப்புக்குரிய அவைத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பேராசிரியர் அவர்களே, மாநகர சபையின் முன்னாள் உறுப்பினர் ஐயா அவர்களே, இந்த மண்டபத்தை வாடகை வாங்காமல் திறந்துவிட்ட தர்மகர்த்தா சபையினரே, ஒரே மருந்துக் களஞ்சியத்தில் என்னோடு தூசி தின்ற பழைய தோழர்களே, தாய்மாரே, மாணவர்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம். மாலை ஐந்து மணிக்கு மழையும் சேர்ந்துகொண்டால் காலி வீதியில் தெஹிவளையிலிருந்து வெள்ளவத்தைக்கு வருவதே ஒரு கதிர்காம யாத்திரை. பேராசிரியர் அவர்கள் அந்த யாத்திரையை முடித்து எனக்கு முன்பே வந்து அமர்ந்துவிட்டார். நான் சொல்வதில் பிழையிருந்தால் அவர் பின்னர் திருத்துவார். தம் மாணவர்களைத் திருத்துவதை விடச் சற்று மென்மையாகத் திருத்துமாறு கேட்டுக்கொள்கிறேன். முன்னாள் உறுப்பினர் ஐயா தேநீருக்கும் வடைக்கும் பொறுப்பேற்றிருக்கிறார். ஏழு மணிக்குள் நான் இறங்கினால்தான் வடை சூடாகக் கிடைக்கும் என்று என் காதோடு சொல்லியும் வைத்திருக்கிறார்.

எனக்குத் தரப்பட்ட தலைப்பு, மருந்தியற் பட்டதாரிகளின் பெருக்கமும் புதிய கல்லூரிகளுக்கான அங்கீகாரமும். இதை மூன்று விடயங்களாகப் பேச எண்ணியுள்ளேன். வெளிநாடுகளில் பட்டதாரிகள் தேவைக்கு மேல் பெருகிய கதை முதலாவது. அங்கீகாரம் என்பது எதைப் பார்க்கிறது, எதைப் பார்ப்பதில்லை என்பது இரண்டாவது. நமது மருந்தாளரின் சம்பளமும் வெளிநாட்டுப் பயணமும் மூன்றாவது. நான் எங்கே தொடங்கினாலும் எங்கே போய் நிற்பேன் என்பது என்னை அறிந்தவர்களுக்குத் தெரியும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்ற பழமொழியைச் சொல்லாமல் நான் மேடையிலிருந்து இறங்கியதில்லை என்பதும் அவர்களுக்குத் தெரியும். இன்றைய கணக்கில் ஒன்றை இப்போதே சொல்லிவிட்டேன்.

அமெரிக்காவிலிருந்து தொடங்குகிறேன். 2000 ஆம் ஆண்டின் இறுதியில் அந்நாட்டுச் சுகாதாரத் திணைக்களம், மருந்தாளருக்குப் பெரும் தட்டுப்பாடு நிலவுவதாகக் காங்கிரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தது. அப்போது அங்கே ஏறத்தாழ 80 மருந்தியற் கல்லூரிகள் இருந்தன. தட்டுப்பாடு என்ற சொல் காதில் விழுந்ததும், மருந்தைப் பற்றி அதுவரை நினைத்தும் பாராத பல்கலைக்கழகங்களெல்லாம் மருந்தியற் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டின. இருபது ஆண்டுகள் நிறைவதற்குள் கல்லூரிகள் 140 ஐத் தாண்டின. ஆண்டுக்கு ஏழாயிரம் அளவில் வெளியேறிய பட்டதாரிகள் பதினாலாயிரத்துக்கும் மேலானார்கள். பட்டம் கையிலும், இலட்சம் டொலரைத் தாண்டிய கல்விக் கடன் தலையிலுமாக அவர்கள் வெளியே வந்தபோது கடைகள் சுருங்கத் தொடங்கியிருந்தன. சீவிஎஸ் என்ற பெரும் மருந்துக்கடை நிறுவனம், மூன்று ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ 900 கடைகளை மூடப்போவதாக 2021 இல் அறிவித்தது. செய்தி பரவியதும் விண்ணப்பங்கள் குறைந்தன. கட்டடம் கட்டிய கல்லூரிகளோ வாங்குகளை நிரப்ப வேண்டியிருந்தது. வாசலின் உயரத்தைக் குறைத்தன. அனுமதிப்பத்திரப் பரீட்சையில் முதற் தடவையிலேயே தேறுவோர் ஒரு காலத்தில் நூற்றுக்கு 90 இற்கு மேல் இருந்தார்கள். அண்மை ஆண்டுகளில் அது 80 ஐ அண்டியும் அதற்குக் கீழும் இறங்கியது.

அங்கீகாரம் வழங்கும் பேரவை எங்கே போயிற்று என்று கேட்பீர்கள். அந்தப் பேரவை 1932 இலிருந்து இருக்கிறது. ஆனால் நாட்டில் மருந்தாளர் போதும், இனிக் கல்லூரி வேண்டாம் என்று சொல்லும் அதிகாரம் அதற்கு இல்லை. அப்படிச் சொன்னால் அது போட்டியைத் தடுப்பதாகும் என்று அந்நாட்டுச் சட்டம் குறுக்கே நிற்கும். ஒவ்வொரு வீடும் உறுதியாகக் கட்டப்பட்டிருக்கிறதா என்று பார்க்கலாம், தெருவுக்கு இத்தனை வீடு போதும் என்று சொல்லக் கூடாது. இன்னொரு வேடிக்கையும் உண்டு. புதிய கல்லூரியொன்றின் முதல் தொகுதி மாணவர்கள் பட்டம் பெற்ற பின்னரே முழு அங்கீகாரம் கிடைக்கும். அதுவரை அந்தப் பிள்ளைகள் பரிசோதனைக்கு வைத்த சோற்றுப் பருக்கைகள்.

அயலில் இந்தியாவும் இதே கதவில் முட்டிக்கொண்டது. 1948 ஆம் ஆண்டின் மருந்தியற் சட்டத்தின் கீழ் இயங்கும் இந்திய மருந்தியற் பேரவை, கல்லூரிகள் காளான்போல் முளைப்பதைக் கண்டு, 2020-21 கல்வியாண்டிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குப் புதிய கல்லூரி எதுவும் கூடாதென்று 2019 இல் தீர்மானம் நிறைவேற்றியது. வழக்குகள் எழுந்தன. கல்வி நிறுவனம் தொடங்குவது அடிப்படை உரிமை, அதை ஒரு நிர்வாகத் தீர்மானத்தால் தடுக்க முடியாது, சட்டத்தால் மட்டுமே கட்டுப்படுத்தலாம் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2022 செப்டெம்பரில் தீர்ப்பளித்தது. தீர்மானம் ஏட்டில் நின்றது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.

இனி நமது நாட்டுக்கு வருவோம். மருந்தாளராவதற்கு இங்கே முக்கியமாக இரண்டு வாசல்கள் உண்டு. ஒன்று பல்கலைக்கழகம்: பேராதனை, யாழ்ப்பாணம், ஸ்ரீ ஜயவர்தனபுர, ருகுணு, கொழும்பு ஆகியவற்றில் நான்காண்டுப் பட்டப்படிப்பு நடைபெறுகிறது. மற்றது, கடையிலேயே பயிலுநராக நின்று, இலங்கை மருத்துவக் கல்லூரிச் சபையின் பரீட்சையில் தேறும் பழைய வாசல். எந்த வாசலால் வந்தாலும் இலங்கை மருத்துவச் சபையில் பதிவு செய்தால்தான் மருந்தாளர். இப்போது மூன்றாவதாகத் தனியார் வாசல் ஒன்று விளம்பரப் பலகைகளோடு விரிந்துகொண்டிருக்கிறது. அரச நியமனக் கடிதத்துக்காகத் தபாற்காரரின் சைக்கிள் மணியைக் கேட்டுக்கொண்டிருக்கும் பட்டதாரிகள் நம்மிடையேயும் இருக்கிறார்கள். இந்த மண்டபத்திலேயே இரண்டு பேரைக் காண்கிறேன். ஆகவே இங்கேயும் பெருகிவிட்டார்கள் என்று ஒரு பேச்சு எழுந்திருக்கிறது. பெருகியது உண்மையா என்பதை அறிய நான் புள்ளிவிபரம் தேடிப் போகவில்லை. என் சின்னம்மாவின் வாய்ப்புண் எனக்கு அதைச் சொல்லிற்று.

சின்னம்மாவுக்கு வயது எழுபத்தெட்டு. விடிந்தால் தமிழ்ப் பத்திரிகையை முதற்பக்கத் தலைப்பிலிருந்து மரண அறிவித்தல் வரை ஒரு வரி விடாமல் வாசிப்பவர். கை விரல் மூட்டுகள் வீங்கிய வாதநோய்க்காக ஒரு விசேட வைத்திய நிபுணர் அவருக்கு மெதோட்ரெக்ஸேட் என்ற மருந்தை எழுதிக் கொடுத்தார். இந்த மருந்தைப் பற்றி ஒரு செய்தியை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: மூட்டுவாதத்துக்கு இதைக் கிழமைக்கு ஒரு நாள் மட்டுமே எடுக்க வேண்டும். தினமும் எடுத்தால் எலும்பு மச்சையையும் வாய், குடலின் உட்தோலையும் அது அரித்துவிடும். அவருக்கு எழுதப்பட்டது இரண்டரை மில்லிகிராம் குளிசை மூன்று, கிழமைக்கு ஒரு தடவை, நான்கு கிழமைக்கு. மொத்தம் பன்னிரண்டு குளிசைகள்.

துண்டைக் கொண்டுபோன பேரன் மருந்து உறையோடு வந்தான். கடையின் பெயரைக் கேட்காதீர்கள், நான் சொல்லப்போவதில்லை. வெள்ளைக் கடதாசி உறை, அதில் ஆங்கிலத்தில் அச்சிட்ட மூன்று கட்டங்கள்: காலை, பகல், இரவு. கிழமைக்கு ஒரு நாள் என்பதற்கு அந்த உறையில் கட்டமே இல்லை. ஆகவே கடைப் பையன் காலைக் கட்டத்தில் மூன்று என்று எழுதி, கிழமைக்கு ஒரு தடவை என்பதைக் குறிக்க ஓரத்தில் டபிள்யூ என்ற ஆங்கில எழுத்தொன்றைப் போட்டு அனுப்பிவிட்டான். சின்னம்மா தினமும் காலையில் மூன்று குளிசை விழுங்கினார். நான்கு நாளில் உறை காலியாயிற்று. மருந்து முடிந்துவிட்டது என்று மறுபடியும் பேரனை அனுப்பினார். ஒரு மாதத்து மருந்து நான்கு நாளில் எப்படி முடிந்தது என்று கேட்க அந்தக் கடையில் ஆள் இருக்கவில்லை; இன்னும் பன்னிரண்டு குளிசை வந்தது. ஏழாம் நாள் நான் போனபோது, வாய் முழுவதும் புண்ணாகி, கஞ்சியைக்கூட விழுங்க முடியாமல், கதிரையில் சாய்ந்திருந்தார். மேசையில் கிடந்த உறையைக் கவிழ்த்தேன். மூன்று குளிசை மிச்சம். எனக்குக் கை நடுங்கியது. முப்பத்திரண்டு வருடம் அரச வைத்தியசாலையில் மருந்து கொடுத்தவன் நான்.

உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோனோம். அந்த மருந்தின் நஞ்சை முறிக்கும் போலினிக் அமிலம் ஏற்றினார்கள்; இரத்த அணுக்கள் இறங்கி, பின்னர் மெதுவாக ஏறின; பதினொரு நாளில் வீடு திரும்பினார். அந்த டபிள்யூவை நீங்கள் பார்க்கவில்லையா சின்னம்மா என்று கேட்டேன். பார்த்தேன்தானே, வெள்ளவத்தைக் கடை என்று போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன், பஸ்ஸிலும் அப்படித்தானே போட்டிருக்கும் என்றார். சிரிக்கிறீர்கள். அன்றைக்கு என்னால் சிரிக்க முடியவில்லை.

பின்னர் கடைக்குப் போனேன். சண்டை பிடிக்க வேண்டும் என்றுதான் போனேன். கல்லாவுக்குப் பக்கத்தில் இருபது வயதுப் பையன் ஒருவன் நின்றான்; பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்த பிள்ளை. தம்பி, மருந்தாளர் எங்கே என்று கேட்டேன். அவன் திரும்பிச் சுவரைக் காட்டி, அங்கே இருக்கிறார் அங்கிள் என்றான். பார்த்தேன். கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு சான்றிதழ்; அதற்குப் பின்னாலிருந்து பல்லியின் வால் வெளியே தெரிந்தது. மருந்துக்கடையில் பதிவுபெற்ற மருந்தாளர் இருந்தாக வேண்டும் என்பது சட்டம். அந்தக் கடையிலும் சட்டத்துக்குள் ஒரு மருந்தாளர் இருந்தார். சான்றிதழுக்கு மாத வாடகை போகிறது, ஆள் வருவதில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று எங்கள் ஆச்சி சொன்னபோது, அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்காது.

பையன் மீது எனக்குக் கோபம் வரவில்லை. ஏன் தம்பி தமிழில் எழுதவில்லை, உனக்குத் தமிழ் தெரியும்தானே என்றேன். எழுதலாமா அங்கிள், அப்படி யாரும் சொல்லித் தரவில்லையே என்றான். மருந்து உறையை நோயாளியின் மொழியில் எழுத வேண்டும் என்ற பிரசாரத்தை நான் தொடங்கியது அந்தக் கேள்வியிலிருந்துதான்.

இப்போது பட்டதாரிகள் பெருகிவிட்டார்கள் என்ற பேச்சுக்குத் திரும்புகிறேன். வாடகைச் சான்றிதழ்களையெல்லாம் சுவரிலிருந்து இறக்கி, ஒவ்வொரு கடையிலும் ஒரு நாற்காலியைப் போட்டு, அதில் ஒரு மருந்தாளரை உட்கார வைத்துவிட்டு எண்ணிப் பாருங்கள். கடை காலை எட்டிலிருந்து இரவு பத்து வரை திறந்திருக்கிறதென்றால் ஒருவர் போதாது, இரண்டு பேர் வேண்டும். அதன் பிறகும் மிச்சம் இருந்தால் பெருக்கம் என்று நான் ஒப்புக்கொள்கிறேன். மருந்துக்கடைகளுக்கு அனுமதிப்பத்திரம் கொடுக்கும் அதிகாரம், 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசிய ஒளடத ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையிடம் இருக்கிறது. அது கண்ணாடியைப் பார்க்காமல் நாற்காலியைப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது விடயம் அங்கீகாரம். சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு தனியார் நிறுவனத்துக்கு வருகைதரு விரிவுரையாளனாகப் போயிருந்தேன். ஆய்வுகூடத்தில் இருந்த நுண்தராசின் பிளாஸ்டிக் உறை இன்னும் பிரிக்கப்படாமல் இருந்தது. எப்போது பிரிப்பீர்கள் என்று கேட்டேன். பார்வையிட வருபவர்கள் வந்து போகட்டும் சேர், அதுவரை புதிதாக இருக்கட்டும் என்றார்கள். தராசு இருக்கிறதா என்ற கேள்விக்கு, இருக்கிறது என்று சரி போடலாம். அதில் ஒரு பிள்ளையாவது ஒரு கிராமை நிறுத்திருக்கிறதா என்ற கேள்வி படிவத்தில் இருந்தால் அந்தப் பிளாஸ்டிக் அன்றைக்கே கிழிந்திருக்கும். ஆசிரியர் தொகை, நூலகம், பயிற்சிக்கு ஒப்பந்தமான வைத்தியசாலைகள் ஆகியவற்றையெல்லாம் விரிவாகப் பேச நினைத்திருந்தேன். பேராசிரியர் அவர்கள் அதை என்னைவிட நன்றாகப் பேசுவார்.

நான் கேட்பது ஒன்றே. புதிய கல்லூரி எதற்கும் அங்கீகாரம் கொடுப்பதற்கு முன்னர், அதன் மாணவர் ஒருவரை ஒரு மேசையின் முன் நிறுத்தி, சிங்களம் மட்டும் தெரிந்த ஒருவரையும் தமிழ் மட்டும் தெரிந்த ஒருவரையும் எதிரே உட்கார வைத்து, மெதோட்ரெக்ஸேட்டை அவரவர் மொழியில் எழுதி விளக்கச் சொல்லுங்கள். எழுதினால் கையெழுத்திடுங்கள். தமிழும் அரசகரும மொழி என்று 1987 இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் சொல்லிவிட்டது. அது சொல்லி எத்தனை காலமாயிற்று, மருந்து உறைக்கு இன்னும் வந்து சேரவில்லை. ஏட்டுச் சுரைக்காயை நான்காவது தடவையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. தலைவர் மன்னிக்க வேண்டும்.

இது பெரிய கோரிக்கை என்று சிலர் சொல்கிறார்கள். பேராசிரியர் சேனக பிபிலே 1971 இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தைத் தொடக்கி வைத்தபோது, வணிகப் பெயரை விட்டு மருந்தின் பொதுப் பெயரால் வாங்குவோம் என்று சொன்னதும் பெரிய கோரிக்கையாகவே தோன்றியது. பல்தேசியக் கம்பனிகளோடு மோதி, உறைக்குள் இருப்பது எது என்பதை நேர்மையாகச் சொல்ல வைத்தவர் அவர். உறைக்கு மேலே இருப்பதை நோயாளி வாசிக்கும் மொழியில் எழுதுங்கள் என்று கேட்பதற்கு யாரோடும் மோத வேண்டியதில்லை. ஒரு பேனையும், பட்டதாரி ஒருவரும் போதும். அந்தப் பட்டதாரிகள்தாம் அளவுக்கு மேல் இருக்கிறார்கள் என்கிறீர்களே, அவர்களைத் தாருங்கள். பதுளையிலும் ஹட்டனிலும் கொட்டாஞ்சேனையிலும் நாற்காலி காலியாக இருக்கிறது.

மூன்றாவது விடயமான சம்பளத்தைப் பற்றிப் பேசுவதற்குள் தலைவர் மணியில் கை வைத்துவிட்டார். வடை வாசமும் வருகிறது.

வாசலில் ஒரு மேசை போட்டிருக்கிறோம். அதிகாரசபைக்கும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கும் அனுப்பப்போகும் மனு அங்கே இருக்கிறது. பக்கத்தில் நாங்கள் அச்சிட்ட மாதிரி உறைகள் கட்டுக்கட்டாக இருக்கின்றன: தமிழிலும் சிங்களத்திலும் காலை, பகல், இரவு என்ற மூன்று கட்டங்கள், அவற்றுக்குக் கீழே கிழமைக்கு ஒரு நாள் என்று நான்காவது கட்டம், எந்த நாள் என்று எழுத ஒரு கோடு. ஆளுக்குப் பத்து உறை எடுத்துப்போய் உங்கள் கடைக்காரரிடம் கொடுங்கள். மேசைக்குப் பின்னால் இருப்பவர் என் சின்னம்மா. கையெழுத்திட்டதும் பேனையை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். போன கூட்டத்தில் நான்கு பேனை காணாமற்போனதை அவர் இன்னும் மறக்கவில்லை.