240 ரூபாய்த் தூண்களும் நேரான க்யூவும்

வணக்கம் நண்பர்களே. கையில் இருப்பது என்னவென்று பாருங்கள். ஸ்னூக்கரில் க்யூவை, அதாவது பந்தை அடிக்கும் கோலை, நேராக ஓட்டப் பழகும் பயிற்சிக்கான வெளிநாட்டுச் சாமானுக்கு இணையத்தில் இரண்டாயிரத்துக்கு மேல் கேட்கிறார்கள். கோவை கணபதியில் ஒரு லேத் பட்டறை அண்ணன், மீந்துபோன பித்தளைக் கம்பியில் இந்த இரண்டு குட்டித் தூண்களையும் கடைந்து, விளிம்பைக்கூட மழுக்கி, 240 ரூபாய்க்குக் கொடுத்துவிட்டார். “ஏனுங்க, இது எந்தப் பம்புக்குங்க?” என்று கேட்டவர், ஸ்னூக்கருக்கு என்றதும், தாம் முதலில் சொன்ன 300 ரூபாயைத் தாமே குறைத்துக்கொண்டார். பேரம் பேசாமலே குறைந்த விலை அது!

மேசையின் நடுவே உள்ள நீலப் பந்தின் புள்ளிக்கு இருபுறமும் இவற்றை 60 மில்லிமீட்டர் இடைவெளியில் நிறுத்துகிறேன். பந்தின் விட்டம் 52.5 மில்லிமீட்டர் என்பதால், பக்கத்துக்கு நான்கு மில்லிமீட்டர்கூட இடம் மிஞ்சாது. பிரவுன் புள்ளியில் வைத்த வெள்ளைப் பந்து, அதே நேர்கோட்டில் உள்ள நீலம், பிங்க், கறுப்புப் புள்ளிகளைக் கடந்து எதிர்க் குஷனை (மேசை விளிம்பின் ரப்பர் தடுப்பை) தொட்டு, வந்த வழியே திரும்பி, அடித்த இடத்திலேயே நிற்கும் டிப்பில், அதாவது க்யூவின் நுனியில், வந்து முட்ட வேண்டும். இந்தப் பயிற்சியை என் பழைய காணொளிகளில் பார்த்திருப்பீர்கள். தூண்கள் வந்தபின் பிழையின் வகையும் தெரிகிறது. போகும்போதே தூணில் தட்டினால், பெரும்பாலும் நாம் நின்ற கோடே தவறு. தட்டாமல் போய், திரும்பும்போது வலப்பக்கம் விலகினால், டிப் பந்தின் நடுவில் படாமல் வலப்பக்கம் பட்டிருக்கிறது. அதனால் வரும் சைடு, அதாவது பக்கச் சுழற்சி, பந்து குஷனில் பட்டபிறகுதான் முழுதாக வெளிப்படும்.

ஒன்றை விட்டுவிட்டேன்: தூண்களின் அடியில் பழைய மேசைத்துணியை ஒட்டி, மேலே ரப்பர் குழாயும் மாட்டியிருக்கிறேன். அதன் பிறகே கிளப்புக்காரர் அவற்றை மேசைமேல் வைக்க அனுமதித்தார்.

“பாக்கெட்டில் விழுந்தால் போதும்” என்ற அறிவுரை எனக்கு அறவே பிடிக்காது. பக்கத்தில் உள்ள பந்து கோணலான அடியிலும் விழுந்துவிடும். மேசையின் நீளத்துக்கு அடிக்கும்போதுதான் குட்டு வெளிப்படும். கோணலுக்கு முதற்காரணம், அடிக்கும் நொடிக்கு முன்பே பிடியை இறுக்குவது. விரல்கள் இறுகியதும் மணிக்கட்டு திரும்பி, க்யூவின் பின்முனையைப் பக்கவாட்டில் இழுத்துவிடுகிறது. ஆகவே பின்னுக்கு இழுக்கும்போது கடைசி விரல்களைத் தளரவிட்டு, அங்கே ஒரு கணம் நிறுத்தி, அவசரமின்றி முன்னே விடுங்கள். டிப் வெள்ளைப் பந்தை நெருங்கி நிற்கும் நிலையில் முன்னங்கை செங்குத்தாகத் தொங்க வேண்டும்; தறியில் நாடா ஓடுவதுபோல, க்யூ தாடையையும் மார்பையும் உரசியபடி ஒரே கோட்டில் ஓட வேண்டும். அடித்ததும் எழுந்துவிடாதீர்கள், க்யூவை அப்படியே விட்டு, டிப் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பந்து போன இடத்தைவிட அந்த டிப்பையே நான் நம்புகிறேன்.

இதற்குமுன் மேசை மட்டமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மெதுவாக உருட்டிய பந்து ஒரே பக்கம் சாய்ந்தால் வேறு மேசைக்கு மாறுங்கள்.

தூண் செய்துகொள்ள விரும்புவோருக்கு அளவு: உயரம் 70 மில்லிமீட்டர், அடிப்பகுதியின் விட்டம் 40. பித்தளையே கேளுங்கள், அலுமினியம் எடை குறைவு, பந்து தட்டினாலே நகர்ந்துவிடும்.