இரவுக் காவலாளியின் பதில்

நடுவர் அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், மாலை வண்டியிலிருந்து இறங்கித் தோள்பையைக்கூட இறக்காமல் நேரே இங்கு வந்து அமர்ந்திருக்கும் தாம்பரத்துப் பெருமக்களுக்கும் வணக்கம். சென்னையை விட்டுப் புறநகருக்குக் குடிபெயர்ந்தவர்களுக்கு மிஞ்சுவது அலைச்சலா, நிம்மதியா என்பது தலைப்பு. நிம்மதியே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய நண்பர் ஒரு போடு போட்டார். "கூடுவாஞ்சேரியில் வீடு வாங்கியவர் அந்த வீட்டுக்கு உரிமையாளர் அல்லர், இரவுக் காவலாளி. இருட்டிய பிறகு வருகிறார், விடிவதற்குள் போகிறார். காவலாளிக்காவது மாதச் சம்பளம் உண்டு, இவர் வங்கிக்கு மாதத் தவணை கட்டிக்கொண்டு காவல் காக்கிறார்" என்றார். நடுவர் அவர்களே, நான் கூடுவாஞ்சேரிக்காரன். அவர் அப்படிச் சொன்னபோது முதல் வரிசையில் என் மனைவி கைதட்டியதை என் கண்ணாலேயே பார்த்தேன். ஆகவே, எழுதிக்கொண்டு வந்த ஆறு பக்கக் குறிப்பை மடித்துப் பையில் வைத்துவிட்டேன். இதற்குப் பதில் சொல்லாமல் இன்றைக்கு என்னால் வீட்டுக்குப் போக முடியாது.

காவலாளி ஆவதற்கு முன் நான் என்னவாக இருந்தேன் என்று நண்பர் கேட்கவில்லையே! திருவல்லிக்கேணியில் 11 ஆண்டுகள் ஒரு மாடிப் போர்ஷனில் குடியிருந்தேன். அலுவலகத்துக்கு நடந்து போகலாம், மாலையில் கடற்கரைக்கும் நடந்து போகலாம். அலைச்சல் என்ற சொல்லுக்கே அங்கே வேலை இல்லை. ஆனால் கீழே குடியிருந்த வீட்டுக்காரர் அட்வான்ஸ் வாங்கிய அன்றே ஒரு நிபந்தனை போட்டார்: சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. மற்ற வீட்டுக்காரர்களும் இப்படிச் சொல்வார்கள், பிறகு மறந்துவிடுவார்கள். இவர் மறக்கவில்லை. மாடியில் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டால் போதும், படியேறி வந்து கதவைத் தட்டி, "ஆணியா?" என்பார். தேநீருக்கு இஞ்சி தட்டினால், "ஆணியா?" தேங்காய் உடைத்தால், "ஆணியா?" கடைசியில் என் அம்மா இஞ்சியைத் துணியில் சுற்றி, டம்ளரின் அடிப்பாகத்தால் சத்தமில்லாமல் நசுக்கக் கற்றுக்கொண்டார்.

அப்பாவின் படத்தை மாட்ட இடமில்லை. பீரோவின் மேல் சாய்த்து வைத்திருந்தோம். வெள்ளிக்கிழமை அம்மா மாலை போடுவார். மாலையின் கனம் தாங்காமல் படம் குப்புற விழும். ஒரு வெள்ளிக்கிழமை அப்படி விழுந்து பெரிய 'டக்'. வழக்கம்போல் வீட்டுக்காரர் வந்தார். "ஆணியா?" அம்மா நிதானமாகச் சொன்னார்: "இல்லைங்க, அவர்தான் விழுந்துட்டார்." பாவம், மனிதர் பதறிப்போய், "எங்கே விழுந்தார், அடி பட்டுச்சா?" என்று உள்ளே ஓடிவந்து கட்டிலுக்கு அந்தப் பக்கமெல்லாம் தேடினார். அப்பா போய் அப்போது நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

அந்த அப்பாவை எடுத்துக்கொண்டுதான் கூடுவாஞ்சேரிக்கு வந்தோம். சாமான் இறக்கிய அன்று மதியமே சுத்தியலை எடுத்து முதல் ஆணியை வைத்து ஒரே அடி அடித்தேன். 'டக்'. உடனே வாசலில் கதவு தட்டும் சத்தம். நடுவர் அவர்களே, வீடு எங்களுடையது, பத்திரம் எங்கள் பெயரில் இருக்கிறது. ஆனாலும் அம்மா என் கையிலிருந்த சுத்தியலைப் பிடுங்கி அரிசி டின்னுக்குள் போட்டு மூடிவிட்டுத்தான் கதவைத் திறந்தார். வந்தவர் பக்கத்து வீட்டுக்காரர். "ஆணி அடிக்கிற சத்தம் கேட்டுச்சு" என்று தொடங்கினார். எங்களுக்குப் பேச்சே வரவில்லை. "அந்த இடத்துல கான்கிரீட் தூண் இருக்கு சார், ஆணி வளைஞ்சிடும். என்கிட்ட டிரில் இருக்கு" என்றார். அன்று மாலை வரை அவர் போகவில்லை. மாட்டுவதற்கு எங்களிடம் இருந்தது ஒரே ஒரு படம். போட்ட துளைகள் பதினான்கு. நான் கேட்டேன், அவர் போட்டார், அவ்வளவுதான். மேடைக்கு மேடை துளைகள் கூடுகின்றன என்று என் மனைவி குறைப்பட்டுக்கொள்வார். சந்தேகம் இருப்பவர்கள் வீட்டுக்கு வந்து எண்ணிக்கொள்ளலாம். பதின்மூன்று துளைகள் அப்போது சும்மா இருந்தன.

எதிரணித் தலைவர் மாம்பலத்துக்காரர். தூரம் தூரம் என்று அவர் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் தியாகராய நகரே 1920-களில் ஏரியைத் தூர்த்து உருவாக்கிய புறநகர்தான். கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் விட்டது 1931-இல். அன்றைக்கு மாம்பலத்தில் மனை வாங்கியவரைப் பார்த்து, ஜார்ஜ் டவுனில் ஒருவர் "காட்டுக்கா போகிறாய்?" என்று கேட்டிருக்கவே மாட்டாரா? இந்தத் தாம்பரம் 2021-இல் மாநகராட்சியே ஆகிவிட்டது. 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு, பொங்கலுக்குத் தெற்கே ஊருக்குப் போக வேண்டிய மாம்பலத்துக்காரர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கள் பக்கம்தான் வருகிறார். அலைச்சலை இனி யார் யாரிடம் சொல்வது?

மழைக்கு என்ன பதில் என்று கேட்டார்கள். அதற்கு என்னிடம் வேடிக்கையான பதில் இல்லை. 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. பெய்தது, முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் அன்று மாடியேறி நின்றவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருப்பார்கள். அந்த மதிப்பெண்ணை எதிரணியே வைத்துக்கொள்ளட்டும். நான் என் காவலாளியிடம் திரும்பிப் போகிறேன்.

இருட்டிய பிறகுதான் வருகிறேன் என்பது உண்மை. கடற்கரை நிலையத்தில் ஏறினால் கூடுவாஞ்சேரிக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆகும். வண்டலூர் தாண்டியதும் அம்மாவுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பேன். அது வந்ததும் தோசைக்கல்லை அடுப்பில் ஏற்றிவிட்டு, கேட்டுக்குப் பக்கத்தில் போட்டிருக்கும் பிளாஸ்டிக் நாற்காலியில் வந்து உட்காருவார். ஒரு நாள் வண்டி தாம்பரத்திலேயே நின்றுவிட்டது. என் கைப்பேசியில் சார்ஜ் இல்லை. நான் தெருமுனை திரும்பும்போது மணி பதினொன்றரை. தெருவே தூங்கிவிட்டது. எங்கள் கேட்டருகே மட்டும் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் அம்மா, மற்றொன்றில், லுங்கியும் கையில் டார்ச்சுமாக அந்த டிரில்காரர். ஸ்டேஷனுக்கு இரண்டு முறை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். என்னைப் பார்த்ததும் ஒன்றும் சொல்லாமல் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். "கல்லு மூணு தடவை காஞ்சு மூணு தடவை அணைச்சாச்சு" என்றார் அம்மா. "படுத்துத் தூங்கியிருக்கலாமே அம்மா, திருவல்லிக்கேணியில் இப்படியா உட்கார்ந்திருந்தாய்?" என்று கேட்டேன். "அங்கே உட்கார்ந்து பார்க்க வாசல் ஏதுடா?" என்றார்.

நண்பர் காவலாளி என்றதும் எனக்கு அந்த இரண்டு நாற்காலிகள்தாம் நினைவுக்கு வந்தன. அம்மா போய் மூன்று ஆண்டுகள் ஆகின்றன. படத்தை மாட்ட வேண்டும் என்றபோது நான் சுத்தியலைத் தேடவில்லை. அப்பாவுக்குப் பக்கத்தில் துளை தயாராக இருந்தது.

வண்டலூர் தாண்டும்போது என் கை இன்றும் தானாகக் கைப்பேசியை எடுத்துவிடுகிறது. மிஸ்டு கால் என்றால் என்னவென்று என் மகளுக்குத் தெரியாது, எடுத்து, "எங்கேப்பா இருக்கே?" என்கிறாள். நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். அடுத்த செங்கல்பட்டு வண்டியை நானும் பிடிக்க வேண்டும், கைதட்டிய என் மனைவியும் பிடிக்க வேண்டும். நன்றி, வணக்கம்.