தி. ஜானகிராமன் நாவல்கள்ல யாரும் வாய்விட்டுச் சொல்லாத விஷயம்

வணக்கம். தி. ஜானகிராமன் பேரைச் சொன்னாலே, ஓ முறை மீறின உறவுகளைப் பத்தி எழுதினவரான்னு கேட்பாங்க. கதைச்சுருக்கத்தை மட்டும் கேட்டா அப்படித்தான் தோணும். ஆனா அவரோட நாவல்களைத் திரும்பத் திரும்பப் படிக்கிறப்ப எனக்குப் பிடிபட்டது வேற ஒண்ணு. அவர் எழுதுற வீடுகள்ல எல்லாருக்கும் எல்லாம் தெரியும், யாரும் வாயைத் திறக்க மாட்டாங்க. அந்த வாய் திறக்காத நேரத்துல ஒவ்வொருத்தர் மனசும் என்ன பாடுபடுதுங்கறதுதான் அவரோட நாவல். இந்த வீடியோல அதைத்தான் பார்க்கப் போறோம்.

(திரையில்: அம்மா வந்தாள், 1966)

அம்மா வந்தாள் நாவல்லேர்ந்து ஆரம்பிக்கலாம். காவிரிக்கரையில ஒரு வேத பாடசாலை, அதை நடத்துறது பவானியம்மாள், அங்க சின்ன வயசுல கொண்டுவந்து விடப்பட்ட அப்பு, படிப்பெல்லாம் முடிஞ்சு மெட்ராஸ்ல இருக்கற தன் வீட்டுக்குத் திரும்புறான். அம்மா அலங்காரம். அப்பா தண்டபாணி, ப்ரூஃப் பார்க்கிற வேலை, ஜோசியமும் பார்ப்பார். அந்த வீட்டுக்கு சிவசுன்னு ஒருத்தர் வந்து போறார். அப்புவுக்கு யாரும் எதுவும் சொல்லல, சொல்லவும் வேண்டியிருக்கல. அவர் உள்ள நுழையிற விதம், அப்ப வீட்டுல இருக்கறவங்க நடந்துக்கற விதம், கடைசிப் பிள்ளைகளோட சாயல், இப்படி ஒண்ணொண்ணா அவன் கண்ணுல படுது, கூடவே நம்ம கண்ணுலயும் படுது.

இதுல என்னை ரொம்ப உலுக்குற ஆள் தண்டபாணிதான். அவருக்குத் தெரியும். பல வருஷமாவே தெரியும். கத்தல, அடிக்கல, வீட்டை விட்டும் போகல, தன் வேலை தன் ஜோசியம்னு இருக்கார். இவர் கோழையா, இல்ல பொண்டாட்டிமேல அப்படி ஒரு பிரியமா, இல்ல அவ முன்னாடி நிக்கறதுக்கே மலைப்பா? ஜானகிராமன் தீர்ப்பே சொல்ல மாட்டார், நம்மளையும் சொல்ல விடமாட்டார். அலங்காரத்தையும் அப்படித்தான் எழுதியிருக்கார். தான் பண்றதுக்குப் பிராயச்சித்தமாத்தான் ஒரு பிள்ளையை வேதம் படிக்க அனுப்பியிருக்கா. தான் பண்றது தப்புன்னு அவளுக்கே தெரியும், விடவும் முடியல, அந்த ரெண்டுக்கும் நடுவுல தலை நிமிர்ந்து நிக்கற ஒரு பொம்பளை. நாவல் வந்தப்ப கடுமையான எதிர்ப்பு கிளம்பினதுல ஆச்சரியம் இல்ல, ஏன்னா அம்மாங்கற இடத்துல வச்சு இதை எழுதிட்டார்.

இன்னொரு பக்கம் பாடசாலையில இந்து. சின்ன வயசுலயே புருஷனை இழந்தவ. அப்புவை விரும்புறதை நேராவே அவன்கிட்ட சொல்லிடறா. அவன்தான் பதறி ஓடுறான். மெட்ராஸுக்குப் போய் அம்மாவைப் பார்த்ததுக்கு அப்புறம்தான் அவனால இந்துவைப் புரிஞ்சுக்க முடியுது. ரெண்டு பெண்களையும் எதிரெதிரா நிறுத்தாம, ஒருத்தி வழியா இன்னொருத்தியை அவனுக்குக் காட்டுறார் பாருங்க, அங்கதான் அவர் எவ்வளவு பெரிய எழுத்தாளர்னு தெரியுது.

மோகமுள் இதைவிட நீளம், ஊரும் சங்கீதமும் நிறைஞ்ச நாவல். கும்பகோணம், பாட்டு கத்துக்கற பாபு, குரு ரங்கண்ணா, அப்புறம் பாபுவைவிட பத்து வயசு மூத்த யமுனா. யமுனாவோட அம்மா மராத்திக்காரி, அப்பாவுக்கு ரெண்டாவது சம்சாரம், அதனாலயே யமுனாவுக்கு வர்ற வரன் எல்லாம் தட்டிப்போகுது. பாபு அவளைத் தெய்வமா நினைச்சு உருகுறான், அதே சமயம் உடம்பும் கேட்குது, இந்த ரெண்டையும் அவனால பிரிச்சுப் பார்க்கவும் முடியல சேர்த்துப் பார்க்கவும் முடியல. பல வருஷம் கழிச்சு, வறுமையெல்லாம் பட்டு, யமுனா சம்மதிக்கிறா. அதுக்கப்புறம், இத்தனை வருஷம் தவிச்சது இதுக்குத்தானாங்கற மாதிரி அவ கேட்கிற இடம் ஒண்ணு வரும். அதுல கோபம் கிடையாது, கேலியும் கிடையாது. அவ்வளவு பக்கத்தைப் படிச்சுட்டு அந்தக் கேள்விக்கு வந்து நிக்கறப்ப நமக்கே பதில் தெரியாது. 1995ல ஞான ராஜசேகரன் இதைப் படமா எடுத்தார், ஆனா அந்தக் கேள்வியோட கனம் நாவல்லதான் முழுசா இருக்குங்கறது என் அபிப்பிராயம்.

அவர் கொஞ்ச வருஷம் பள்ளிக்கூட வாத்தியார், அப்புறம் ஆல் இந்தியா ரேடியோல வேலை, சங்கீதமும் தெரியும். அதனாலயோ என்னவோ அவர் உரையாடல் எல்லாமே காதுல விழற மாதிரி இருக்கும். யார் பேசுறாங்கன்னு பேரைப் போடாமலே குரலை வச்சுக் கண்டுபிடிச்சுடலாம்.

செம்பருத்தி நாவலைப் பத்திப் பேசுறவங்க கம்மி, எனக்கு வருத்தமே அதுதான். கடை வச்சிருக்கற சட்டநாதன், மனைவி புவனா, கூடவே அண்ணன் பொண்டாட்டி குஞ்சம்மா. குஞ்சம்மாவுக்கு ஒரு காலத்துல சட்டநாதன் மேல ஆசை, ஆனா அண்ணனுக்குக் கட்டி வச்சிட்டாங்க, அந்த அண்ணனும் செத்துப்போயிடறார். இது புவனாவுக்கும் தெரியும், பெருந்தன்மையாவே குடும்பம் நடத்துறா. ஆனா மாதவிலக்கு நிக்கற வயசு வர்றப்ப, அத்தனை வருஷம் உள்ளேயே கிடந்தது சந்தேகமாவும் அழுகையாவும் கொட்டுது. அந்த வயசுல ஒரு பெண்ணோட உடம்பும் மனசும் படற பாட்டை, பக்கத்துலயே இருந்து தவிக்கிற புருஷனோட பார்வையில, ஒரு ஆண் எழுத்தாளர் அறுபதுகள்ல இவ்வளவு பொறுமையா எழுதியிருக்கார்.

மரப்பசு மட்டும் எனக்கு முழுசா ஒட்டல. அம்மணி தைரியசாலி, கல்யாணம் வேண்டாங்கறா, யாரையும் தொட்டுப் பேசுறா, அதெல்லாம் எனக்குப் பிடிக்கும். ஆனா கதையை அவளே சொல்றா, மனசுல இருக்கறதையும் அவளே விளக்கிடறா. மத்த நாவல்கள்ல நாமளா கண்டுபிடிச்சுத் திடுக்கிடற விஷயம் இங்க நம்ம கையில நேரா வந்து விழுந்துடுது.

1979ல அவருக்கு சாகித்ய அகாதமி விருது கிடைச்சது நாவலுக்கு இல்ல, சக்தி வைத்தியம்ங்கற சிறுகதைத் தொகுப்புக்கு. 1982ல காலமாயிட்டார். சிறுகதைகளைப் பத்தித் தனியா ஒரு வீடியோ பண்ணணும், அவ்வளவு இருக்கு.

புதுசாப் படிக்கறவங்க அம்மா வந்தாள்ல ஆரம்பிங்க, சின்னப் புத்தகம்தான். படிக்கறப்ப அலங்காரத்தைவிட தண்டபாணியை ஜாஸ்தி கவனிங்க, அவர் பேசாம இருக்கற இடங்கள்ல கொஞ்சம் நிதானமாப் படிங்க. அவரைப் பத்தி உங்களுக்கு என்ன தோணுச்சுன்னு கமெண்ட்ல எழுதுங்க.